வீட்டுக்கு மரம் வாங்கப் போறீங்களா? ‘ஒரிஜினல் தேக்கா?’ என்பதைவிட முக்கியமான 3 கேள்விகள்

வீடு கட்டுபவர்கள் மரக்கடைக்குள் நுழைந்ததும் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இது ஒரிஜினல் தேக்குதானே?"

"சுத்தமான தேக்கு சார், கண்ணை மூடிட்டு எடுத்துக்கலாம்" என்பார் கடைக்காரர். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அடுத்த கோடையில் நிலைக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி விழுகிறது. மழைக்காலத்தில் கதவு இறுக்கிக்கொண்டு அசைய மறுக்கிறது. இன்னும் இரண்டு வருஷம் போனால் கூரைச் சட்டத்துக்குக் கீழே மாவு போலத் தூள் கொட்டிக் கிடக்கிறது. "ஏமாத்திட்டான், இது தேக்கே இல்லை" என்று கோபம் வருகிறது.

பல நேரங்களில் மரத்தின் பெயரில் தவறு இருப்பதில்லை. மரம் காயாமல் இருந்திருக்கும், வைரத்தோடு வெள்ளைப் பகுதியும் சேர்ந்து அறுக்கப்பட்டிருக்கும், அல்லது போட வேண்டிய மருந்தைப் போடாமல் விட்டிருப்பார்கள்.

ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. மரம் எவ்வளவு காய்ந்திருக்கிறது? வைரம் எவ்வளவு, வெள்ளை எவ்வளவு? எந்த மருந்து, எந்த முறையில் ஏற்றப்பட்டிருக்கிறது?

எந்த மரத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

வீட்டில் இரண்டு வகை மரவேலை உண்டு. கதவுப் பலகை, அலமாரி, கட்டில் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் வேலை. இழைத்து, பாலிஷ் போட்டு அழகு பார்ப்போம்.

இன்னொன்று, கட்டடத்தின் பாரத்தைத் தாங்கும் வேலை. ஓட்டுக் கூரையின் கைமரம், ரீப்பர், உத்திரம், சுவரில் பதியும் நிலை, மாடிக்குப் போடும் மரச் சட்டங்கள், கான்கிரீட் ஊற்றும்போது அடியில் நிற்கும் சென்ட்ரிங் பலகை, முட்டு எல்லாம் இதில் அடங்கும். இவற்றுக்கு அழகு தேவையில்லை, பலம் வேண்டும். ஒருமுறை மூடிவிட்டால் மறுபடி திறந்து பார்க்கவும் முடியாது. தப்பான மரத்தைப் போட்டால் அதிகச் செலவு வைப்பது இந்த இரண்டாவது வகைதான். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

தேக்கைத் தவிர வேறு மரம் போடலாமா?

தாராளமாகப் போடலாம். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 883 விதி, கட்டடத்துக்கான மரங்களை வலிமை அடிப்படையில் ஏ, பி, சி என மூன்று குழுக்களாகப் பிரிக்கிறது. வட இந்தியக் காடுகளில் வளரும் சால் மரம் ஏ குழுவில் வருகிறது. தேக்கு பி குழு. இமயமலைப் பகுதியின் தேவதாரு சி குழு.

அதாவது, பாரம் தாங்குவதில் தேக்கைவிடச் சால் மேல். அப்படியானால் தேக்குக்கு ஏன் அவ்வளவு மவுசு? தேக்கு காயும்போது அதிகம் சுருங்காது, கோணாது, உளியும் இழைப்புளியும் சுலபமாக ஓடும், கரையானும் அதன் வைரத்தை எளிதில் தொடாது. சால் அப்படியில்லை. கனமானது, மெதுவாகக் காய்வது, அவசரப்பட்டால் வெடிப்பது. ஆகவே கதவு, ஜன்னலுக்குத் தேக்கு சரி. யார் கண்ணிலும் படாத கூரை உத்திரத்துக்கும் தேக்குதான் வேண்டும் என்று அடம்பிடிப்பது பணத்தைக் கூரையில் ஏற்றுவதுதான்.

வலிமை வேறு, ஆயுள் வேறு. டேராடூனில் 1906-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வன ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில், ஒவ்வொரு மரத்தின் வைரத்திலிருந்தும் சிறு முளைகளை வெட்டி மண்ணில் நட்டு வைப்பார்கள். எத்தனை மாதத்தில் கரையானும் பூஞ்சையும் அவற்றைத் தின்று முடிக்கின்றன என்று கணக்கெடுப்பார்கள். இதற்கு வைத்திருக்கும் பெயரே ‘கல்லறைத் தோட்டச் சோதனை’ என்பதுதான்.

சராசரியாக 120 மாதம் அல்லது அதற்கு மேல் தாங்கினால் முதல் வகுப்பு. 60 முதல் 120 மாதத்துக்குள் என்றால் இரண்டாம் வகுப்பு. 60 மாதத்துக்கும் குறைவு என்றால் மூன்றாம் வகுப்பு. தேக்கும் சாலும் முதல் வகுப்பு. மாமரம் மூன்றாம் வகுப்பு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. முதல் வகுப்பு மரங்களான தேக்கு, சால் இரண்டின் வைரத்துக்குள்ளும் மருந்து லேசில் இறங்காது. மூன்றாம் வகுப்பு மாமரமோ, ரப்பர் மரமோ மருந்தைத் தண்ணீர் போல உறிஞ்சிக்கொள்ளும். மட்டமான மரம் என்று ஒதுக்கப்படுவது, முறையாக மருந்தேற்றினால் நீண்ட காலம் உழைக்கும்.

‘வைரம் பாய்ந்த மரம்’ என்றால் என்ன?

ஒரு மரத்தடியைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் கருமையாக, அடர்த்தியாக இருப்பது வைரம். பாடப் புத்தகத்தில் வைரக்கட்டை என்று படித்திருப்போம். அதைச் சுற்றி வெளிறிய வளையமாக இருப்பது சாற்றுக்கட்டை. ஆசாரிகள் ‘வெள்ளை’ என்பார்கள்.

உயிரோடு இருக்கும்போது வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் கொண்டுபோவது இந்த வெள்ளைப் பகுதிதான். அதில் மாவுச்சத்து சேர்ந்திருக்கும். மரத்தை உளுக்க வைக்கும் வண்டுக்கு அந்த மாவுச்சத்துதான் சாப்பாடு. வைரமாக மாறும்போது மாவுச்சத்து போய், பூச்சிகளுக்குப் பிடிக்காத பொருள்கள் அங்கே படிகின்றன. தேக்கைக் கரையான் தின்னாது என்று சொல்வதெல்லாம் தேக்கின் வைரத்துக்குத்தான் பொருந்தும். தேக்கின் வெள்ளையைப் பூச்சி தாராளமாகத் தின்னும்.

இது முன்பைவிட இப்போது ஏன் முக்கியம்? 1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுக்குப் பிறகு, இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவது கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 2014 ஏப்ரல் முதல் மியான்மரும் மரத்தடிகளை அப்படியே ஏற்றுமதி செய்வதை நிறுத்தியது. இன்று கடைகளுக்கு வரும் தேக்கில் பெரும்பகுதி ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா, இந்தியா எனப் பல இடங்களின் தோட்டங்களில் வளர்ந்தது. அவை வயது குறைந்த மரங்கள். வயது குறைந்தால் வைரம் சிறுத்து, வெள்ளை அகலமாக இருக்கும். தாத்தா காலத்துத் தேக்கும் இன்றைய தேக்கும் பெயரில் ஒன்று, வைரத்தின் அளவில் வேறு.

அறுத்த சட்டத்தின் முனையையும் விளிம்புகளையும் பாருங்கள். ஓரத்தில் வெளிறிய பட்டை ஓடினால் அதுதான் வெள்ளை. சில கடைகளில் செம்மண் நிறச் சாயம் பூசி அதை மறைப்பதும் உண்டு. ஓர் இடத்தில் லேசாக இழைத்துக் காட்டச் சொல்லுங்கள். இழைத்த இடத்தில் நிறம் மாறினால் விஷயம் தெரிந்துவிடும்.

மரத்துக்குள் ஈரம்: எவ்வளவு இருக்கலாம்?

புதிதாக வெட்டிய மரத்தில் பாதி எடைக்குத் தண்ணீர் இருப்பது சாதாரணம். மரத்தின் நுண்ணிய குழாய்களுக்குள் இருக்கும் தண்ணீர் முதலில் வெளியேறும். அதனால் மரத்தின் எடை மட்டும் குறையும், அளவு மாறாது. ஈரம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் நார்ச்சுவருக்குள் இருக்கும் தண்ணீர் வெளியேறத் தொடங்கும். மரம் சுருங்குவதும் கோணுவதும் வெடிப்பதும் அதற்குப் பிறகுதான்.

எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காது என்பதுதான் பிரச்சினை. நீளவாக்கில் கிட்டத்தட்ட சுருக்கமே இல்லை. வளர்ச்சி வளையத்தின் போக்கில், மையத்திலிருந்து வெளியே செல்லும் திசையைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு சுருங்கும். அதனால்தான் பலகை கிண்ணம் போலக் குழிகிறது.

நன்றாக நடந்துகொள்ளும் மரம் என்று பெயரெடுத்த தேக்கையே எடுத்துக்கொள்வோம். 8 அங்குல அகலப் பலகை, வளையத்தின் போக்கில் அறுக்கப்பட்டது. அது 30 சதவீத ஈரத்திலிருந்து 12 சதவீதத்துக்குக் காய்ந்தால் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் குறையும். மற்ற பல மரங்களில் இது இன்னும் அதிகம்.

காயாத மரத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மரத்தை அழுக வைக்கும் பூஞ்சைக்கு 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் தேவை. அதற்குக் கீழே மரத்தை வைத்திருந்தால் பூஞ்சை தலையெடுக்காது. ஈர மரத்தின் மேல் பெயின்ட் அடிப்பது, உள்ளே இருக்கும் ஈரத்தைப் பூட்டி வைப்பதற்குச் சமம்.

ஐ.எஸ். 287 விதி, காற்றின் ஈரப்பதத்தை வைத்து நாட்டை நான்கு மண்டலங்களாகப் பிரிக்கிறது. ஆண்டு சராசரி 40 சதவீதத்துக்குக் கீழே என்றால் முதல் மண்டலம். 67 சதவீதத்துக்கு மேல் என்றால் நான்காம் மண்டலம். சென்னை, மும்பை போன்ற கடலோர நகரங்கள் ஈரம் மிகுந்த பக்கம், ராஜஸ்தானின் பாலைவனப் பகுதி வறண்ட பக்கம். அனுமதிக்கப்பட்ட ஈரம் இதுதான்:

- உத்திரம், கைமரம், தூண்: 1 முதல் 4 வரையிலான மண்டலங்களுக்கு முறையே 12, 14, 17, 20 சதவீதம்
- 50 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் தடிமனுள்ள கதவு, ஜன்னல் மரங்கள்: 10, 12, 14, 16 சதவீதம்
- 50 மில்லிமீட்டருக்கும் குறைவான கதவு, ஜன்னல் மரங்கள்: 8, 10, 12, 14 சதவீதம்

ஒரே மரம் மும்பைக்குச் சரியாகவும் ஜெய்சால்மருக்கு ஈரமாகவும் இருக்கலாம். ஊருக்கு ஏற்ற காய்ச்சல்தான் சரியான காய்ச்சல்.

‘நல்லா காஞ்ச மரம்தான் சார்’: எப்படிச் சரிபார்ப்பது?

இரண்டு ஊசி உள்ள ஈரமானி கருவி ஓரிரு ஆயிரம் ரூபாயிலேயே கிடைக்கிறது. மரத்தில் ஊசியைக் குத்தினால் எண் காட்டும். பல லட்ச ரூபாய்க்கு மரம் வாங்குபவருக்கு இது பெரிய செலவில்லை. சட்டத்தின் முனை சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் அங்கே குத்தக் கூடாது. முனையிலிருந்து ஓர் அடியாவது தள்ளி, பல சட்டங்களில் பாருங்கள். மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் மரமும் உண்டு. சந்தேகம் இருந்தால் ஒரு சட்டத்தை நடுவில் வெட்டி, வெட்டிய முகத்தில் குத்திப் பாருங்கள்.

கருவி இல்லையா? சிறு துண்டை வெட்டி உடனே எடை போடுங்கள். பிறகு ஆய்வகத்தில் 103 டிகிரி செல்சியஸ் சூட்டில், எடை மேலும் குறையாத வரை உலர்த்துவார்கள். முதலில் 620 கிராம், கடைசியில் 500 கிராம் என்றால், குறைந்த 120-ஐ 500-ஆல் வகுத்தால் 24 சதவீதம். எந்த மண்டலத்துக்கும் இது அதிகம்.

ஈரத்தோடு இவற்றையும் பாருங்கள்:

- கணு: இறுக்கமான சிறிய கணு பரவாயில்லை. தட்டினால் ஆடும் கணு, சட்டத்தின் கீழ் விளிம்பில் இருக்கும் பெரிய கணு வேண்டாம். பாரம் ஏறும்போது இழுபடுவது அந்தக் கீழ் விளிம்புதான்.
- நாரோட்டம்: நார் சட்டத்தின் நீளத்தோடு போக வேண்டும். முதல் தர மரத்தில் 15 அங்குல நீளத்துக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் நார் சாயக் கூடாது. சிறப்புத் தரத்தில் 20-க்கு ஒன்று. இரண்டாம் தரத்தில் 12-க்கு ஒன்று.
- ஓட்டை: குண்டூசித் தலை அளவு ஓட்டையும் மாவுத் தூளும் இருந்தால் உளு வண்டு உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். பாரம் தாங்கும் வேலைக்கு அந்த மரத்தைத் தரக் கட்டுப்பாட்டு விதியே அனுமதிப்பதில்லை.
- நேர்மை: சட்டத்தின் ஒரு முனையில் கண்ணை வைத்து மறுமுனையைப் பாருங்கள். வில் போன்ற வளைவும் முறுக்கும் உடனே தெரியும்.

வாங்கிய மரத்தை எப்படிக் காய வைப்பது?

தரையில் நேராகப் போட்டு, மேலே தார்ப்பாய் மூடி வைப்பதுதான் பல இடங்களில் நடக்கிறது. அது காய வைப்பதல்ல, அவிப்பது. தரையிலிருந்து ஓர் அடியாவது உயரத்தில் செங்கல் மேடை கட்டுங்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் இடையில் ஓர் அங்குலத் தடிமனில் குறுக்குக் குச்சிகள் வையுங்கள். குச்சிகள் மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். மேலே கூரை, நான்கு பக்கமும் காற்று. நேரடி வெயில் கூடாது. வெட்டிய முனைகளில் மெழுகோ கெட்டியான பெயின்ட்டோ பூசினால் முனை வெடிப்பு குறையும்.

கெட்டி மரத்துக்கு ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. மரத்தையும் ஊரையும் பொறுத்து மாறும். அவ்வளவு காத்திருக்க முடியாதவர்களுக்கு, வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்தப்பட்ட கில்ன் அறையில் உலர்த்திய மரம் கிடைக்கிறது. அங்கே மாதக்கணக்கு வேலை நாள்கணக்கில், வாரக்கணக்கில் முடியும். அஸ்திவாரம் போடும்போதே மரத்தை வாங்கி அடுக்கி வைப்பவர்கள் புத்திசாலிகள். கூரை வேலை வரும்போது மரமும் பாதி வழி வந்திருக்கும்.

மரத்துக்கு மருந்து: டேராடூன் உலகத்துக்குக் கொடுத்தது

உலகம் முழுவதும் பல பத்தாண்டுகள் கோலோச்சிய மர மருந்து இந்தியாவில் கண்டுபிடிக்கப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சொந்தி காமேசன், 1933-இல் தாமிரம், குரோமியம், ஆர்சனிக் சேர்ந்த கலவையை உருவாக்கினார். ஆர்சனிக், தாமிரம் இரண்டின் வேதிக் குறியீடுகளையும் சேர்த்து ‘ஆஸ்கு’ என்று பெயர் வந்தது. இன்று சி.சி.ஏ. என்கிறார்கள்.

தாமிரம் பூஞ்சையைத் தடுக்கும். ஆர்சனிக் கரையானைத் தடுக்கும். குரோமியம் இரண்டையும் மரத்தோடு பிணைத்து, மழையில் கரைந்து போகாமல் பிடித்துக்கொள்ளும். அதற்கு முன் தண்ணீரில் கரையும் மருந்துகளின் பெரிய குறையே மழையில் கரைந்து ஓடுவதுதான்.

ஆனால் ஆர்சனிக் நஞ்சு. அமெரிக்காவில் 2003 இறுதியோடு வீட்டு உபயோக மரத்துக்கு இந்த மருந்தை ஏற்றுவதைத் தயாரிப்பாளர்கள் நிறுத்திக்கொண்டார்கள். இந்தியாவின் ஐ.எஸ். 401 விதியில் இது இன்னும் இடம்பெற்றிருக்கிறது. கை படாத கட்டமைப்பு மரங்களுக்கு ஒரு கணக்கு, குழந்தைகள் விளையாடும் இடத்துக்கு வேறு கணக்கு. வீட்டுக்குள் ஆர்சனிக் இல்லாத தாமிர-குரோம்-போரான் கலவையையோ, போரான் மருந்தையோ கேட்டு வாங்கலாம்.

எந்த இடத்துக்கு எந்த முறை?

*தூரிகைப் பூச்சு, தெளிப்பு:* மருந்து மேல்தோலில் மட்டும் நிற்கும். உலர்ந்த, மழை படாத இடத்துக்கும், வெட்டிய முனைகளுக்கும் மட்டும் போதும்.

*போரான் ஊறல்:* போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் மரத்தை ஊற வைத்து, பிறகு மூடி வைத்தால் மருந்து மெல்ல உள்ளே பரவும். மரம் பச்சையாக இருக்கும்போதே செய்ய வேண்டும், ஏனென்றால் உள்ளே இருக்கும் ஈரம்தான் மருந்துக்கு வழி. மலிவானது. மூங்கிலுக்கும் ரப்பர் மரத்துக்கும் பெரிதும் பயன்படுகிறது. ஆனால் மழையில் கரைந்துவிடும் என்பதால் கூரைக்கு அடியில், உள்வேலைக்கு மட்டும்.

*சூடு-குளிர் தொட்டி:* மருந்துத் தொட்டியில் மரத்தைப் போட்டுச் சூடாக்கினால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியேறும். அப்படியே ஆற விட்டால் ஏற்படும் வெற்றிடம் மருந்தை உள்ளே இழுக்கும். ஆலை இல்லாத ஊரிலும் செய்யலாம்.

*அழுத்த முறை:* இரும்பு உருளைக்குள் காய்ந்த மரத்தை வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்து, பிறகு அழுத்தத்தில் மருந்தை ஏற்றுவார்கள். மண்ணைத் தொடும் மரம், மழையில் நனையும் மரம், சுவருக்குள் புதையும் நிலை ஆகியவற்றுக்கு நம்பகமானது இதுதான். ஒரு கன மீட்டர் மரத்தில் எத்தனை கிலோ மருந்து தங்கியிருக்கிறது என்பதே இதன் அளவுகோல். நிறம் பச்சையாக இருப்பது மட்டும் சான்றாகாது.

பழைய இன்ஜின் ஆயில் அடிச்சா போதுமா?

போதாது. பல ஊர்களில் கைமரத்துக்குக் கழிவு எண்ணெய் அடிக்கும் பழக்கம் இருக்கிறது. அது மேலே கறுப்பாகப் படியுமே தவிர உள்ளே இறங்காது. கரையான் எண்ணெய் படாத வெடிப்பு வழியாக உள்ளே போய்விடும். பயன்படுத்திய எண்ணெயில் கன உலோகங்கள் வேறு கலந்திருக்கும்.

இன்னொரு பொதுவான தவறு வரிசையில் நடக்கிறது. முதலில் மருந்து ஏற்றி, பிறகு சைட்டில் அறுத்து, துளை போட்டு, செதுக்குகிறார்கள். மருந்து ஏறிய ஓடு போய், ஏறாத உள்பகுதி வெளியே வந்துவிடுகிறது. அளவு வெட்டுவது, துளையிடுவது, இழைப்பது எல்லாம் முதலில். மருந்து பிறகு. தவிர்க்க முடியாமல் சைட்டில் வெட்டினால், வெட்டிய முகத்தில் அதே மருந்தை இரண்டு தடவையாவது பூச வேண்டும்.

சுவரில் பதியும் உத்திர முனையைச் சிமென்டால் இறுக்கி அடைக்கக் கூடாது. சுற்றிலும் சிறு இடைவெளி விட்டால்தான் காற்றோடும். பழைய ஓட்டு வீடுகளில் முதலில் அழுகியிருப்பது பெரும்பாலும் சுவருக்குள் மறைந்த இந்த முனைதான்.

தாமிரம் கலந்த மருந்து ஏறிய மரத்தில் சாதாரண ஆணி சீக்கிரம் துருப்பிடிக்கும். துத்தநாகம் பூசிய ஆணி, போல்ட் போடுங்கள்.

துண்டு மரத்தை அடுப்பில் போடலாமா?

மருந்து ஏற்றிய மரத்தை ஒருபோதும் எரிக்கக் கூடாது. சி.சி.ஏ. மரத்தை எரித்தால் புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக் இருக்கும். சைட்டில் மிச்சமாகும் துண்டுகளை வேலையாட்கள் சமையலுக்கு எடுத்துப்போவது வழக்கம். "இது மருந்து மரம், அடுப்புக்கு ஆகாது" என்று வீட்டுக்காரரும் மேஸ்திரியும் முன்பே சொல்லிவிட வேண்டும். அறுக்கும்போது முகக்கவசமும், கையாளும்போது கையுறையும் கட்டாயம். மாட்டுத் தீவனத் தொட்டிக்கும் அந்த மரம் வேண்டாம்.

நிற்க வைப்பதா, படுக்க வைப்பதா?

நல்ல மரம் வாங்கியும் தப்பாக வைத்தால் பலன் போய்விடும். 6 அங்குலம் × 3 அங்குலச் சட்டத்தை 6 அங்குலப் பக்கம் செங்குத்தாக நிற்கும்படி வைத்தால், படுக்க வைப்பதைவிட இரண்டு மடங்கு பாரம் தாங்கும். தொய்வு நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஒரே மரம், ஒரே விலை. வாங்குவதற்கு முன் எவ்வளவு இடைவெளிக்கு எந்த அளவுச் சட்டம் என்பதைப் பொறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்ட்ரிங் மரத்துக்கு இதெல்லாம் தேவையா?

மருந்து தேவையில்லை, பரிசோதனை தேவை. சென்ட்ரிங்கில் நியூசிலாந்து பைன் மரம் அதிகம் புழங்குகிறது. தோட்டத்தில் சீக்கிரம் வளர்ந்து வெட்டப்படுவது. லேசானது, ஆணி சுலபமாக இறங்கும், ஆனால் ஈரத்திலும் மண்ணிலும் கிடந்தால் அழுகிவிடும். ஐந்தாறு கட்டடம் பார்த்த பலகையும் முட்டும்தான் பெரும்பாலும் அடுத்த சைட்டுக்கு வருகின்றன. ஈரக் கான்கிரீட் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ இரண்டரை டன். அதைத் தாங்கும் முட்டில் வெடிப்போ, உளுத்த இடமோ, வளைவோ இருந்தால் அதன் அடியில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து. கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் ஒவ்வொரு முட்டையும் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பொத்தல் சத்தம் வந்தால் அதை ஒதுக்கிவிட வேண்டும்.

கன அடிக் கணக்கு: எங்கே கவனம் வேண்டும்?

அறுத்த மரத்துக்குக் கணக்கு எளிது. அடியில் நீளம், அங்குலத்தில் அகலம், அங்குலத்தில் தடிமன் மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுக்க வேண்டும். 7 அடியில் இரண்டு கால், 4 அடியில் ஒரு மேல் சட்டம், எல்லாம் 5 × 3 அங்குலம் என்றால், மொத்த நீளம் 18 அடி. 18 × 5 × 3 ÷ 144 = 1.875 கன அடி. இழைத்த பின் ஒவ்வொரு பக்கமும் கொஞ்சம் குறையும். கடைக்காரர் கணக்குப் போடுவது இழைக்கும் முன் அளவா, பின் அளவா என்று கேளுங்கள்.

உருண்டை மரத்தடிக்குக் கால் சுற்றளவுக் கணக்கு. 48 அங்குலச் சுற்றளவு, 10 அடி நீளம் என்றால், கால் சுற்றளவு 12. 12 × 12 × 10 ÷ 144 = 10 கன அடி. உண்மையான கன அளவு ஏறத்தாழ 12.7. இந்த வித்தியாசத்தைப் பார்த்து லாபம் என்று நினைக்க வேண்டாம். பட்டை, வெள்ளை, அறுப்புத் தூள் எல்லாம் போன பிறகு கையில் நிற்பது 10-ஐவிடக் குறைவாகவே இருக்கும்.

மரம் போடுவதே காட்டுக்குக் கேடு இல்லையா?

இந்தக் கவலையால்தான் மத்திய பொதுப்பணித் துறை 1993-இல் தன் கட்டடங்களில் மரத்துக்குத் தடை போட்டது. 2020-இல் அந்தத் தடை நீக்கப்பட்டது. தோட்டத்தில் வளர்த்து வெட்டும் மரம், தான் உறிஞ்சிய கரியைக் கட்டடம் நிற்கும் காலம் வரை தனக்குள் வைத்திருக்கும் என்ற பார்வை இப்போது வலுப்பெற்றிருக்கிறது. ஆனால் 10 வருஷத்தில் உளுத்துப் போகும் கூரைக்கு அந்த வாதம் செல்லாது. அதற்காக இன்னொரு மரம் வெட்ட வேண்டியிருக்கும். மரத்தை நீண்ட நாள் உழைக்க வைப்பதுதான் காட்டுக்கும் நல்லது.

பில்லில் என்னென்ன எழுதி வாங்க வேண்டும்?

- மரத்தின் பெயர், எந்த நாடு அல்லது எந்த மாநிலத்திலிருந்து வந்தது
- வைரம் மட்டுமா, வெள்ளை எவ்வளவு வரை அனுமதி
- ஒப்படைக்கும் நாளில் ஈரம் எத்தனை சதவீதம்
- மருந்தேற்றியது என்றால் மருந்தின் பெயர், முறை, ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ
- அளவு இழைக்கும் முன்னா, பின்னா
- உள்ளூர் மரம் என்றால் வனத்துறை அனுமதிச் சீட்டின் நகல் (தேவைப்படும் மரங்களின் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்)

"இவ்வளவு எல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க சார்" என்று கடைக்காரர் சிரிக்கலாம். சிரிக்கட்டும். ஈரமானியை எடுத்து நாலு சட்டத்தில் குத்திப் பார்த்துவிட்டு, அதன் பிறகு விலை பேசுங்கள்.